ஸ்பெயின் நாட்டுப்புறத்தில் நடையும் சைக்கிளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினுக்கு நடக்கவோ சைக்கிள் ஓட்டவோ கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். விலைகள் யூரோவில், ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும்.

1. எல்லாரும் "காமினோ, காமினோ" என்கிறார்களே, அது ஒரே பாதையா?

இல்லை. வடமேற்கு மூலையில் கலீசியாவில் இருக்கும் சான்தியாகோ தெ கொம்போஸ்தேலா பேராலயத்தை நோக்கிப் பல திசைகளிலிருந்தும் வரும் பழைய யாத்திரைப் பாதைகளுக்குப் பொதுப்பெயர் அது. அவற்றில் அதிகம் பேர் நடப்பது காமினோ பிரான்சேஸ்: பிரான்சின் எல்லையோர ஊரான சான்-ழான்-பியே-தெ-போரில் தொடங்கி பிரனீஸ் மலையைத் தாண்டி, பாம்ப்லோனா, லோக்ரோன்யோ, பூர்கோஸ், லியோன் வழியாக ஏறக்குறைய 780 கி.மீ. ஸ்பெயினுக்குள் வரும் பகுதியை யுனெஸ்கோ 1993-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒவியேதோவிலிருந்து மலைகளுக்குள் போகும் காமினோ பிரிமிதிவோ சுமார் 320 கி.மீ. செவில்லாவிலிருந்து வடக்கே ஏறும் வியா தெ லா பிளாதா கிட்டத்தட்ட 1,000 கி.மீ.

காமினோவோடு தொடர்பில்லாத பாதைகளும் ஏராளம். நீண்ட மலைப்பாதைகளுக்கு ஜி.ஆர். என்று பெயர், வெள்ளை-சிவப்புக் கோடு பூசியிருக்கும். குறுகியவை பி.ஆர்.; வெள்ளை-மஞ்சள் கோடு. கைவிட்ட ரயில் தடங்களைச் சைக்கிள் பாதையாக்கிய வியாஸ் வெர்தெஸ் தனி ரகம். அதைப் பற்றி 12-ஆம் கேள்வியில்.

2. நான் கிறிஸ்தவர் இல்லை. போகலாமா?

தாராளமாக. வழியில் யாரும் மதம் கேட்பதில்லை. முடிவில் சான்தியாகோ யாத்ரீகர் அலுவலகத்தில் மட்டும் எதற்காக நடந்தீர்கள் என்று கேட்பார்கள். ஆன்மிக நோக்கம் என்றால் லத்தீனில் எழுதிய 'கொம்போஸ்தேலா' சான்றிதழ். ஊர் சுற்றவோ உடற்பயிற்சிக்காகவோ என்றால் வேறொரு சான்றிதழ். இரண்டும் இலவசம்.

பழனி பாதயாத்திரையை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வழிநெடுக அன்னதானப் பந்தலும் மோர்ப் பானையும் இங்கே கிடையாது. சாப்பாடு, படுக்கை இரண்டையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

3. எனக்கு ஒரே வாரம்தான் லீவு. எங்கே தொடங்குவது?

காமினோ பிரான்சேஸில் வரும் கலீசிய ஊரான சாரியா. அங்கிருந்து சான்தியாகோ சுமார் 115 கி.மீ. சான்றிதழுக்குக் குறைந்தது 100 கி.மீ. நடக்க வேண்டும் என்பதால் மிகப் பலர் இங்கேதான் தொடங்குகிறார்கள். வழக்கமான ஐந்து நாள் பிரிவு: போர்தோமரீன் (22), பாலாஸ் தெ ரெய் (25), அர்சூவா (29), ஓ பெத்ரோவ்சோ (19), சான்தியாகோ (20). மூன்றாம் நாளின் 29 கி.மீ. ஏற்ற இறக்கம் நிறைந்தது. முட்டி வலிக்கிறவர்கள் அதை வழியிலுள்ள மெலிதே ஊரில் வெட்டி ஆறு நாளாக்கிக்கொள்வது நல்லது.

கூட்டம் பிடிக்காது என்றால் இந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். 2024-இல் மட்டும் சுமார் 4,99,000 பேர் சான்றிதழ் வாங்கினார்கள். அவர்களில் மிக அதிகம் பேர் தொடங்கியது சாரியாவில்தான். வடக்கே ஃபெர்ரோல் துறைமுகத்திலிருந்து வரும் காமினோ இங்க்லேஸ் ஏறத்தாழ 120 கி.மீ.; தூரம் அதேதான், கூட்டம் மிகக் குறைவு. சான்றிதழே வேண்டாம் என்றால் பாம்ப்லோனாவிலிருந்து லோக்ரோன்யோ வரை நான்கைந்து நாள் நடக்கலாம். கோதுமை வயல், திராட்சைத் தோட்டம், மேட்டின்மேல் கல் ஊர்கள் என்று நாட்டுப்புறம் பார்க்க எங்கள் ஓட்டு அதற்குத்தான். எஸ்தேயா தாண்டியதும் இராச்சே திராட்சை மது ஆலையின் சுவரில் யாத்ரீகருக்கென்று இரண்டு குழாய்கள் உண்டு: ஒன்றில் தண்ணீர், மற்றதில் மது. பாட்டிலில் பிடித்துப் போவது மரியாதை இல்லை.

4. எந்த மாதம் போவது?

மே, ஜூன் முற்பாதி, செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் நடு ஸ்பெயினின் மெசேதா பீடபூமியில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், நிழலும் இல்லை. தெற்கே ஆந்தலூசியா போவதென்றால் மார்ச், ஏப்ரல், அக்டோபர். கலீசியாவில் எந்த மாதமும் மழை வரும்.

பிரனீஸைத் தாண்டும் உயரமான நெப்போலியன் வழி நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடியிருக்கும். அந்த மாதங்களில் பள்ளத்தாக்கு வழியாக வால்கார்லோஸ் பாதையில்தான் போக வேண்டும். "பனி இல்லையே, ஏறிவிடலாம்" என்று போனவர்களை மீட்புப் படை இறக்கிக் கொண்டுவந்து, அபராதமும் போட்டிருக்கிறது. ஜூலை 25 சான்தியாகோ திருநாள். அது ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு புனித ஆண்டு, அடுத்தது 2027. அந்த ஆண்டு முழுக்க நெரிசல் இருக்கும்.

5. இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா எப்படி? தினம் ஒரு ஊரில் தங்குவதை எப்படிக் காட்டுவது?

ஷெங்கன் குறுகிய கால விசா. 180 நாளில் 90 நாள் வரை. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. அதற்கு மேல் விசா மையத்தின் சேவைக் கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னால் விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். பிரான்சில் தொடங்கினாலும் அதிக நாள் தங்குவது ஸ்பெயினில் என்பதால் ஸ்பெயினுக்கே விண்ணப்பிக்க வேண்டும்.

தங்கும் சான்றுதான் சிக்கல். நகராட்சி விடுதிகள் முன்பதிவு எடுப்பதில்லை. தனியார் விடுதிகளும் சிறு ஓட்டல்களும் எடுக்கும். அவற்றில் நாள்வாரியாகப் பதிவு செய்து, எந்த நாள் எந்த ஊர், எத்தனை கி.மீ. என்ற அட்டவணையையும் சேர்த்துக் கொடுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் பதிவது புத்திசாலித்தனம். கால் கொப்பளித்து ஒரு நாள் தங்கிவிட்டால் அடுத்த எல்லாத் தேதியும் நகரும்.

6. வழி தவறிப் போய்விட மாட்டோமா?

காமினோவில் மஞ்சள் அம்புக்குறியைப் பின்பற்றினால் போதும். ஓ செப்ரெய்ரோ மலையூரின் பாதிரியார் எலியாஸ் வாலின்யா 1984-இல் வழிநெடுக மஞ்சள் பெயின்ட் அடித்துப் போனதில் தொடங்கியது இது. மரம், சுவர், மின்கம்பம் எல்லாவற்றிலும் இருக்கும். கலீசியாவுக்குள் நுழைந்ததும் மீதித் தூரம் பொறித்த கல் தூண்கள் வரும். பெருநகரங்களில்தான் அம்புக்குறி தொலையும். பூர்கோஸிலும் லியோனிலும் கடைப் பலகைகளுக்கு நடுவில் அது கண்ணில் படாது. நடைபாதையில் பதித்த, காமினோவின் அடையாளமான சிப்பிச் சின்னத்தைத் தேடுங்கள்.

ஜி.ஆர். பாதைகளில் இரு நிறக் கோடு பெருக்கல் குறியாக இருந்தால் "இது வழியில்லை" என்று பொருள். இருபது நிமிடம் நடந்தும் ஒரு குறிகூடத் தென்படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்புங்கள். வரைபடத்தை இணையமில்லாமல் பார்க்கும்படி முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

7. அல்பெர்கே என்றால் என்ன? இடம் கிடைக்காமல் தெருவில் நிற்க வேண்டி வருமா?

யாத்ரீகர் விடுதி. அடுக்குக் கட்டில், பொதுக் குளியலறை. நகராட்சி, மாகாண விடுதிகளில் ஒரு படுக்கை சுமார் 8 முதல் 12 யூரோ. தனியாரில் 15 முதல் 20. சில தேவாலய விடுதிகளில் 'தொனாதிவோ' என்று உண்டியல் வைத்திருப்பார்கள். அது இலவசம் என்று பொருளில்லை. இன்றைய உங்கள் காசில்தான் நாளைக்கு வருகிறவருக்குச் சாப்பாடு. தங்க 'கிரெதென்சியால்' என்ற யாத்ரீகர் அட்டை வேண்டும். தொடங்கும் ஊரின் யாத்ரீகர் அலுவலகத்திலோ தேவாலயத்திலோ விடுதியிலோ இரண்டு மூன்று யூரோவுக்குக் கிடைக்கும். உடல்நிலை சரியில்லாவிட்டால் ஒழிய ஒரு விடுதியில் ஒரே இரவுதான். பத்து மணிக்கு விளக்கணைப்பு, காலை எட்டுக்குள் வெளியேற வேண்டும்.

பொது விடுதிகள் மதியம் ஒன்று, இரண்டு மணிக்குத் திறக்கும். முதலில் வந்தவருக்கு முதல் இடம். நடந்து வருகிறவருக்கே முன்னுரிமை. சைக்கிளில் வருகிறவர் மாலை வரை காத்திருக்க வேண்டி வரும். கோடையில் சாரியாவுக்குப் பிறகு முன்பதிவில்லாமல் போவது சூதாட்டம். மற்ற இடங்களில் காலையில் கிளம்பும்போது அடுத்த ஊருக்கு ஒரு போன் போட்டால் போதும்.

8. பையில் எவ்வளவு எடை? கால் கொப்பளிக்காமல் இருக்க என்ன வழி?

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 65 கிலோ ஆள் என்றால் தண்ணீர் நீங்கலாக ஆறரை கிலோ. இரண்டு செட் உடை, ஒன்றை உடுத்தி ஒன்றைத் துவைக்க. சீக்கிரம் காயும் துணியாக இருக்கட்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் மறுநாளும் காயாது. மெல்லிய உறக்கப்பை, மழைக்கோட்டு, காதடைப்பான். குறட்டை வகைவகையாக வரும். தூக்க முடியாதவர்கள் பெரிய பையை அடுத்த ஊருக்கு வண்டியில் அனுப்பலாம். ஸ்பெயின் அஞ்சல் துறையே இதைச் செய்கிறது, தனியாரும் உண்டு. ஒரு கட்டத்துக்கு ஐந்தாறு யூரோ. ஆனால் பொது விடுதிகள் பெரும்பாலும் அப்படி வரும் பையை வாங்கி வைக்காது. தனியார் விடுதி முகவரிதான் எழுத வேண்டும்.

கொப்புளத்துக்கு மூன்று காரணங்கள்: உராய்வு, ஈரம், சூடு. நீண்ட நடையில் பாதம் வீங்கும். அதனால் ஷூ வழக்கத்தைவிட அரை முதல் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். குறைந்தது நூறு கி.மீ. பழக்கிய ஷூவையே கொண்டுபோங்கள். கோடைக்குக் கனமான தோல் பூட்ஸ் தேவையில்லை, கெட்டியான அடிப்பாகம் கொண்ட நடை ஷூ போதும். பருத்திக் காலுறை வியர்வையைத் தேக்கும். மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ போடுங்கள். இரண்டு மணிக்கொருமுறை ஷூவைக் கழற்றிக் காலை ஆறவிடுங்கள். ஓரிடம் சுடுவதுபோல் தெரிந்தாலே நின்று டேப் ஒட்டுங்கள். "அடுத்த ஊரில் பார்க்கலாம்" என்றால் அடுத்த ஊரில் கொப்புளம்தான் இருக்கும். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டுவைப்பது விடுதிகளில் பரவலான வைத்தியம். செய்யாதீர்கள். நூல் வழியே கிருமி உள்ளே போகும். பச்சைச் சிலுவை போட்ட ஃபார்மாசியா (மருந்துக்கடை) கிட்டத்தட்ட எல்லா நடுத்தர ஊரிலும் உண்டு. கொப்புளக் காலை அவர்கள் தினம் பார்க்கிறார்கள்.

9. சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

பட்டினி இல்லை, ஆனால் கவனம் வேண்டும். "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று மட்டும் சொன்னால் மீனும் பன்றித் தொடைத் துண்டும் தட்டில் வரும். பல சமையல்காரர்களுக்கு ஹாமோன் என்ற அந்தப் பன்றித் தொடை இறைச்சிக் கணக்கில் சேராது. "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹாமோன்" என்று மூன்றையும் சொல்லுங்கள். மாட்டிக்கொள்ளும் இடங்கள்: 'என்சலாதா மிக்ஸ்தா' சாலடில் சூரை மீன், பருப்பு வகையான 'லெந்தேஹாஸ்' குழம்பில் சொரீசோ என்ற பன்றித் தொத்திறைச்சி, கீரையும் உருளையும் போட்ட கலீசிய 'கால்தோ'வில் பன்றிக் கொழுப்பு, காய்கறித் தட்டின்மேல் தூவிய ஹாமோன்.

முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் கவலை பாதி தீர்ந்தது: உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடையான 'தோர்தில்யா' எந்தக் கடையிலும் காலை முதல் உண்டு. முட்டையும் வேண்டாம் என்றால் தக்காளி தேய்த்த ரொட்டி, வறுத்த பத்ரோன் மிளகாய், பாலாடைக்கட்டி, தெற்கே காஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளி சூப். கண்ணாடி ஜாடியில் வேகவைத்த கொண்டைக்கடலை சூப்பர்மார்க்கெட்டில் ஒன்றிரண்டு யூரோ. விடுதிச் சமையலறையில் சீரகமும் மிளகாய்த்தூளும் போட்டுக் கிளறினால் இரவுச் சாப்பாடு ஆயிற்று. கலீசிய மாகாண விடுதிகளில் அடுப்பு இருக்கும், பாத்திரம் இருக்காது. சின்னச் சட்டி ஒன்றைப் பையில் வையுங்கள்.

நேரமும் முக்கியம். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு. யாத்ரீகர் சாப்பாடு (12 முதல் 15 யூரோ) ஏழு மணிக்கே போடுவார்கள். சிற்றூர்க் கடைகள் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை மூடும். ஞாயிறு முழுக்க மூடும். சனி மாலையே ஞாயிற்றுக்கானதை வாங்கிவிடுங்கள்.

10. மெசேதாவைப் பேருந்தில் தாண்டிவிடச் சொல்கிறார்களே?

பூர்கோஸுக்கும் லியோனுக்கும் இடையில் 180 கி.மீ. சமவெளி. சலிப்பு என்று பலர் தாண்டிப் போகிறார்கள். மே மாதத்தில் பச்சைக் கோதுமையும் இடையிடையே செங்கசகசாப் பூவுமாக இருக்கும்போது அதைத் தவறவிடுவது நஷ்டம். ஆகஸ்டில் தாண்டினால் குற்றமில்லை.

கடினமான இடம் கரியோன் தெ லோஸ் கோந்தெஸிலிருந்து கால்சதில்யா தெ லா குவேசா வரை. 17 கி.மீ. நேர்கோடு, நடுவில் ஊரே கிடையாது. இரண்டு லிட்டர் தண்ணீரோடு விடியுமுன் கிளம்புங்கள். ஊர்க் குழாய்களில் 'நோ பொதாப்லே' என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள். ஒன்றும் எழுதாத ஊற்றும் சந்தேகத்துக்குரியதே. தூரத்தை மட்டும் பார்த்து நாளைத் திட்டமிடுகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். அடுத்த தண்ணீர், அடுத்த நிழல், அடுத்த படுக்கை, இந்த மூன்றையும் குறித்த பிறகு கி.மீ. எண்ணுங்கள்.

11. காமினோவைச் சைக்கிளில் செய்யலாமா? எந்தச் சைக்கிள்?

செய்யலாம். சான்றிதழுக்குக் கடைசி 200 கி.மீ. ஓட்டியிருக்க வேண்டும். பொன்ஃபெர்ராதாவிலிருந்து கிளம்பினால் அதைச் சற்றே தாண்டும், நான்கைந்து நாள். முழுப் பிரான்சேஸுக்கு நாளொன்றுக்கு 60 கி.மீ. வீதம் இரண்டு வாரம் வையுங்கள். தொடங்கும் ஊரில் சைக்கிளைக் கொடுத்துச் சான்தியாகோவில் திரும்ப வாங்கிக்கொள்ளும் வாடகை நிறுவனங்கள் உண்டு. ஊரிலிருந்து விமானத்தில் கட்டி இழுத்துவருவது வீண்.

மெல்லிய டயர் ரோடு சைக்கிள் பாதையில் உதவாது. முன்பக்க அதிர்வுத் தாங்கி உள்ள மலைச் சைக்கிள், அல்லது 40 மி.மீ.க்குக் குறையாத டயர் கொண்ட கிராவல் சைக்கிள். டிஸ்க் பிரேக் அவசியம். இரண்டு டியூப், பஞ்சர் சாமான், ஒரு ஜோடி பிரேக் பேட், செயின் இணைப்புக் கண்ணி கையில் இருக்கட்டும். சுமையை முதுகில் மாட்டாமல் பின் கேரியர் பைகளில் இரு பக்கமும் சமமாகப் பிரித்துப் போடுங்கள்.

மூன்று இடங்களில் பாதையை விட்டுத் தார்ச்சாலைக்குப் போங்கள். பாம்ப்லோனா தாண்டி ஆல்தோ தெல் பெர்தோனின் மேற்கு இறக்கம்: உருண்டைக் கற்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருக்கும் குரூஸ் தெ ஃபெர்ரோவிலிருந்து மொலினசெகாவுக்கு: 900 மீட்டர் இறக்கம், நடப்பவர் பாதையில் பாறைப் படிகள். சாலையிலும் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் வட்டு சுட்டுப் பிடிப்பு போகும். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வளைவில் விடுங்கள். மூன்றாவது ஓ செப்ரெய்ரோ ஏற்றம்: லாஸ் எர்ரெரியாஸ் தாண்டியதும் நடப்பவர் பாதை லா ஃபாபா நோக்கிக் கற்களுக்குள் பிரியும். சைக்கிளுக்கான குறி சாலையில் இருக்கும், அதில் ஏறுங்கள். பாதையில் எப்போதும் நடப்பவருக்கே முதல் உரிமை. மணி அடித்து, வேகம் குறைத்து, "புவென் காமினோ" (நல்ல பயணம்) சொல்லிக் கடப்பது வழக்கம்.

12. குழந்தைகளோடு, மேடு இல்லாமல், லாரி இல்லாமல் சைக்கிள் ஓட்ட இடம் உண்டா?

அதற்குத்தான் வியாஸ் வெர்தெஸ். 1993-இல் தொடங்கிய திட்டம்; இப்போது 3,000 கி.மீ.க்கு மேல். ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் சரிவு பெரும்பாலும் 3 சதவிகிதத்துக்குள் அடங்கும்.

முதல் முறைக்கு வியா வெர்தெ தெ லா சியெர்ரா. காதிஸ், செவில்லா மாகாண எல்லையில் ஓல்வெராவுக்கும் புவெர்தோ செர்ரானோவுக்கும் இடையே 36 கி.மீ., 30 சுரங்கங்கள், 4 பாலங்கள். 1920களில் வெட்டத் தொடங்கி, ஒரு ரயில்கூட ஓடாமல் கைவிட்ட தடம். நடுவில் சஃப்ரமகோன் பாறையில் பாறுக் கழுகுகளின் பெரிய கூட்டம். காலை பத்து, பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் வட்டமடிக்கத் தொடங்கும். ஓல்வெராவிலிருந்து கிளம்பினால் மொத்தத்தில் இறக்கம். மிக நீளமான சுரங்கம் ஏறக்குறைய ஒரு கி.மீ., விளக்கு எரியாத நாளும் உண்டு. ஆளுக்கொரு முன்விளக்கும் மெல்லிய மேலங்கியும் கட்டாயம். உள்ளே நுழைந்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். சுரங்கத்தில் விழுகிறவர்களில் பலர் அதைப் போட்டிருப்பவர்கள்தான்.

நீளமாக வேண்டுமென்றால் ஹயேன், கோர்தோபா மாகாணங்களின் ஒலிவத் தோப்புகளுக்கு நடுவே 128 கி.மீ. போகும் வியா வெர்தெ தெல் அசேய்தே. பழைய இரும்புப் பாலங்கள் அதன் அழகு. இன்னும் நீளம், தெருவேலின் இரும்புச் சுரங்கத் தடமான ஓஹோஸ் நேக்ரோஸ், 160 கி.மீ. உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி ஓட்டுங்கள். எதிர்த்திசையில் ஏற்றம் முடிவதேயில்லை.

13. சாலை விதிகள்? ரயிலில் சைக்கிள் ஏற்றலாமா?

வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நம்மவர்கள் தடுமாறுவது நேர்ச்சாலையில் அல்ல, காலையில் ஆளில்லாத சாலையில் ஏறும்போதும் ரவுண்டானாவிலும். ஊருக்கு வெளியே தலைக்கவசம் எல்லோருக்கும் கட்டாயம். இருட்டில் வெள்ளை முன்விளக்கு, சிவப்புப் பின்விளக்கு, பிரதிபலிக்கும் மேலுடை. கார்கள் 1.5 மீட்டர் விலகிக் கடக்க வேண்டும், பெரும்பாலும் கடைப்பிடிக்கிறார்கள். மது அளவு விதி சைக்கிளுக்கும் உண்டு, இராச்சே குழாய்க்காரர்கள் கவனிக்க.

நடுத்தூர ரயில்கள் பலவற்றில் சைக்கிளுக்கு இடமுண்டு, ஆனால் ஒரு ரயிலுக்கு மூன்று நான்குதான், டிக்கெட்டோடு பதியுங்கள். அதிவேக ரயிலில் பிரித்துப் பையில் போட்டதையோ மடக்குச் சைக்கிளையோதான் ஏற்றலாம். பேருந்திலும் பை வேண்டும்.

14. நாய்கள், வேட்டைக்காரர்கள், தனியாகப் போகும் பெண்கள்: பயப்பட வேண்டுமா?

ஆட்டுமந்தையோடு வரும் மஸ்தீன் நாய் பெரியது. அதன் வேலை ஓநாயிடமிருந்து ஆட்டைக் காப்பது. மந்தைக்குள் புகாதீர்கள். சைக்கிளில் இருந்தால் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து, அதன் கண்ணைப் பார்க்காமல் மெதுவாக விலகுங்கள். ஓடினால் துரத்தும். இலையுதிர் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். 'பத்தீதா' அறிவிப்புப் பலகை பார்த்தால் அந்தப் பாதையில் போகாதீர்கள். நீங்கள் திறந்த வேலிக்கதவை மூடிவிட்டுப் போங்கள்.

தனியாகப் போகும் பெண்கள் மிகப் பலர். வழியில் எப்போதும் ஆள் நடமாட்டம் உண்டு. விடியுமுன் நடக்கும் மெசேதா பகுதியில் மட்டும் முதல் நாளே துணை பேசிக்கொள்வது நல்லது. அவசர எண் 112. காவல்துறையின் அலெர்ட்காப்ஸ் செயலியில் இருப்பிடத்தைப் பகிரலாம்.

15. விடுதியில் மூட்டைப்பூச்சி இருக்குமாமே?

சில சமயம் இருக்கும், சுத்தமான விடுதியிலும். பையைக் கட்டிலில் வைக்குமுன் மெத்தை ஓரத் தையலையும் கட்டில் இடுக்கையும் போன் விளக்கில் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். வரிசையாக மூன்று நான்கு கடி இருந்தால் அன்றே எல்லா உடையையும் 60 டிகிரியில் துவைத்துச் சூடான உலர்த்தியில் போடுங்கள். சொல்லாமல் அடுத்த விடுதிக்குப் போவதுதான் அவற்றைப் பரப்புகிறது.

16. நடுவில் பேருந்து ஏறினாலோ பையை வண்டியில் அனுப்பினாலோ சான்றிதழ் கிடைக்காதா?

பையை அனுப்புவதில் ஒரு சிக்கலும் இல்லை. பேருந்து எங்கே ஏறினீர்கள் என்பதுதான் கேள்வி. பூர்கோஸிலிருந்து லியோனுக்கு ஏறினால் பாதிக்காது. கடைசி 100 கி.மீ.க்குள் ஏறினால் போயிற்று. காய்ச்சல் வந்தால் வழியிலேயே ஒரு நாள் தங்கி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பாதித் தூரம் சைக்கிளும் மீதி நடையுமாக வந்தால் கடைசி 100 கி.மீ. முழுக்க நடையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சாரியாவுக்கு முன்பே சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அலுவலகத்தில் பார்ப்பது முத்திரைகளை. யாத்ரீகர் அட்டையில் நாளுக்கு இரண்டு முத்திரை, தேதியோடு. விடுதி, தேவாலயம், காப்பிக்கடை எங்கும் போடுவார்கள். தேதியை நீங்களே கேட்டு எழுதச் சொல்லுங்கள், கடைக்காரர்கள் மறப்பார்கள். குழுவாகப் போகிறவர்கள் ஒருவர் கையில் எல்லா அட்டையையும் கொடுத்து முத்திரை வாங்கிவரச் சொல்வதில் ஓர் ஆபத்து உண்டு: அட்டைகள் உள்ள அவர் பை வண்டியில் முன்னே போய்விட்டால் அன்றைய முத்திரை எல்லோருக்கும் போகும். அட்டையை அவரவர் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பாஸ்போர்ட்டோடு உடம்பிலேயே வைத்திருங்கள்.